வினாத்தாளின் மேல் ஓடும் கடிகாரம்

பொழுதை அளந்து அறிவித்தல் தமிழர்க்குப் புதியதொரு தொழிலன்று. பாசறையிலே வேந்தனுக்கு நாழிகைக் கணக்கர் பொழுது உரைத்த செய்தியை முல்லைப்பாட்டிலே படித்திருக்கின்றோம். அவர்தம் கருவி நீரின் அளவு கொண்டு பொழுதைக் காட்டும் நாழிகை வட்டில். ஒரு நாழிகையென்பது இன்றைய கணக்கில் 24 நிமிடம். அக்கணக்கர் உரைத்தது சென்ற பொழுது. பரீட்சை மண்டபத்திலிருக்கும் பிள்ளைக்கோ சென்ற பொழுதால் ஆவதொன்றுமில்லை. எஞ்சிய பொழுதே அதற்கு வேண்டும். எஞ்சிய பொழுதைக் காட்டுங் கடிகாரமொன்றைப் பாடக் காணொளியின் மேல், அடியிலுள்ள எழுத்து மறையாவண்ணம் அமைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையில் யாம் எடுத்துக்கொண்ட பொருள். விழா மலர்க் கட்டுரைக்கு இஃது ஏற்ற பொருளோ என ஐயுறுவாரும் உளராகலாம். 2020ஆம் ஆண்டிலே பாடசாலைகள் மூடப்பட்ட காலந்தொட்டு, கரும்பலகையோடு கணினித் திரையும் ஆசிரியர் கையிற் கிடைத்த பலகையாயிற்று. அப்பலகையில் எழுதும் முறையையுங் கற்றல் எமக்குக் கடமையாயிற்று.

எண்ணைத் தலைகீழாக எண்ணி வருதலைப் பற்றி முதற்கண் சிறிது கூறுவாம். ஜெர்மானிய இயக்குநராகிய பிரிற்ஸ் லாங் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சந்திரனிற் பெண்’ என்னும் பேசாப்படத்திலே, விண்கலம் எழும்புமுன் செக்கன்கள் இறங்குமுகமாக எண்ணப்படுங் காட்சி உண்டு. திரைப்படச் சுருளின் தொடக்கத்திலும் இத்தகைய எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பழைய படமாளிகைகளிலே, படம் தொடங்குமுன் கணப்பொழுது அவை தோன்றி மறைந்ததை எமது மூத்த பழைய மாணவர் நினைவுகூர்வர். 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட முறையிலே அவ்வெண்கள் செக்கனைக் குறித்தன அல்ல. சுருளின் நீளத்தை அடிக்கணக்கிற் குறித்தன. 35 மில்லிமீற்றர்ச் சுருளில் ஓரடிக்கு 16 சட்டகம்; செக்கனுக்கு ஓடுவன 24 சட்டகம். ஆகவே ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு வரச் சென்ற பொழுது ஒரு செக்கனின் மூன்றில் இரண்டு பங்கேயாம். செக்கன் கணக்கில் எண்ணும் முறை 1960களிலேயே வந்தது. திரையிலே எண் மாறுகின்றது என்பதனால் ஒரு செக்கன் கழிந்தது என்று கொள்ளல் தவறாகலாம் என்பதை இதனால் அறிக. இவ்வுண்மையை யாம் ஏட்டிற் கற்றோமல்லம். மாணவன் ஒருவனிடத்திற் கற்றோம். அதனைப் பின்னர்க் கூறுவாம்.

இனி, ‘ஊடுகாட்டும்’ என்னுஞ் சொல்லை நோக்குவாம். விஞ்ஞான பாடத்திலே பொருள்களை ஊடுகாட்டுவன, ஒளிகசிவன, ஒளிபுகாதன என மூன்றாக வகுத்துப் படிப்பிக்கின்றோம். கண்ணாடி, எண்ணெய் தடவிய கடதாசி, பலகை என்பன அவற்றுக்கு உதாரணம். ஒருவர் வந்து, “ஊடுகாட்டும் கடிகாரம் ஒன்று வேண்டும்” என்று கேட்பாராயின், அவர் வேண்டுவது கண்ணாடியில் எழுதிய எண்ணா, எண்ணெய்க் கடதாசியில் எழுதிய எண்ணா என்று முதலிற் கேட்டறிதல் வேண்டும். முன்னதில் எண்ணுக்குப் பின்னாலுள்ள நிலம் முற்றாக ஊடுகாட்டும். எண்ணோ திண்ணிதாய், ஒளிபுகாததாய் நிற்கும். பின்னதில் எண்ணும் நிலமும் ஆகிய அனைத்தும் பாதி மங்கி, அடியிலுள்ளதையும் பாதி மங்கச் செய்யும். பயிலுநர் பெரும்பாலும் பின்னதைச் செய்துவிட்டு முன்னதைச் செய்ததாக எண்ணி மகிழ்வர். யாமும் அவ்வாறு மகிழ்ந்தவர்களுள் ஒருவரே.

கணினி இதனை எவ்வாறு கணிக்கின்றது என்பதை அறிந்தால் இம்மயக்கம் நீங்கும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள் உள. நான்காவதாக ‘அல்பா’ என்னும் அளவொன்றும் உண்டு. இது புள்ளி எவ்வளவுக்கு அடியிலுள்ளதை மறைக்கும் என்பதைச் சொல்வது. 0 ஆயின் முற்றாக ஊடுகாட்டும், 255 ஆயின் முற்றாக மறைக்கும். நியூயோர்க் தொழினுட்ப நிறுவனத்திலே எட் கற்மலும் அல்வி றே சிமிதும் 1970களின் பிற்பகுதியில் இதனை அமைத்தனர். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதற்குரிய கணித விதிகளைத் தோமஸ் போட்டர், ரொம் டவ் என்னும் இருவர் 1984ஆம் ஆண்டில் ஒழுங்குபடுத்தி வெளியிட்டனர். அவ்விதிகளுள் எமக்கு வேண்டுவது ஒன்றே: மேற்படத்தின் அளவை அல்பாவின் பங்காற் பெருக்கி, அடிப்படத்தின் அளவை எஞ்சிய பங்காற் பெருக்கி, இரண்டையுங் கூட்டுக.

ஓர் உதாரணம் காண்போம். வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் வினா எழுதப்பட்டுள்ளது. தாள் 255, மை 0. அதன்மேற் கடிகாரத்துக்கென 70 வீதம் மறைக்கும் வெள்ளைச் சதுரமொன்றை வைக்கின்றோம். தாளிருந்த இடத்தில் 255இன் 70 வீதமும் 255இன் 30 வீதமும் சேர்ந்து மீண்டும் 255 ஆகும். மையிருந்த இடத்திலோ 255இன் 70 வீதத்தோடு 0 சேர்ந்து ஏறக்குறைய 178 ஆகும். முன்பு மைக்கும் தாளுக்கும் 255 அளவு வேற்றுமை இருந்தது. இப்பொழுது 77 அளவே உண்டு. கரிய எழுத்து சாம்பல் நிறமாய் மங்கிவிட்டது. பெரிய திரையில் இஃது ஒருவாறு தெரியும். பிள்ளையின் கையிலுள்ளதோ விரிசல் விழுந்த சிறு கைத்தொலைபேசி.

தமிழெழுத்துக்கு இதனால் விளையுங் கேடு ஆங்கில எழுத்துக்கு விளைவதினும் பெரிது. எமக்குப் புள்ளி உயிர்நிலை. ‘பல்’ என்பதிற் புள்ளி மங்கினால் ‘பல’ ஆகும். ‘கல்’ என்பது ‘கல’ ஆகும். சொல்லொன்று வேறொரு சொல்லாகத் திரிந்து நிற்கும். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் பற்றிய வினாவிலே ஒற்றின் மேலுள்ள புள்ளி தெரியாதுபோனால், மாணவன் எதற்கு விடை எழுதுவான்? பாடநூலில் எழுத்துப்பிழை வந்தாற் பத்திரிகைக்கு எழுதும் யாமே, எமது கடிகாரத்தால் ஆயிரம் புள்ளிகளை அழித்துவிட்டு அமைதியாக இருத்தல் முறையன்று. ஆதலின் முதல் விதி: நிலம் முற்றாக ஊடுகாட்டுக, எண் திண்ணிதாய் நிற்க, அவ்வெண்ணின் கீழ் எழுத்தொன்றும் வாராதிருக்க. ஊடுகாட்டும் நிலம் இருப்பது வினாவின் மேற் கடிகாரத்தை ஏற்றுதற்கன்று. தாளின் வெற்றிடத்திற் சதுரமாகிய வடு இன்றி எண் மட்டும் அமர்தற்கே.

செய்முறைக்கு வருவாம். காணொளித் தொகுப்புக்குரிய மென்பொருள்கள் பல உள. யாம் கையாள்வது ‘ஷொட்கட்’ என்பது, விலையின்றிக் கிடைப்பது, பழைய கணினியிலும் ஒருவாறு ஓடுவது. முதலிற் புதிய செயற்றிட்டத்தைத் தொடங்கும்பொழுதே ‘வீடியோ மோட்’ என்னுமிடத்தில், செக்கனுக்கு எத்தனை சட்டகம் என்பதைத் தேர்ந்துகொள்க. அதனை ‘ஓட்டோமற்றிக்’ என விட்டுவிடற்க; ஏன் என்பது பின்னர் விளங்கும். வினாக் காணொளியை முதலாந் தடத்தில் இடுக. அதற்கு மேலே இரண்டாவது காணொளித் தடமொன்றைச் சேர்க்க. ‘ஓப்பின் அதர்’ என்பதிற் ‘கலர்’ என்பதைத் தெரிந்து, அந்நிறத்தின் அல்பாவை 0 ஆக்குக. இதுவே எமது கண்ணாடி. அதன் நீளத்தை, வினாவுக்கு அளிக்கப்படும் நேரத்துக்குச் சமமாக்கி, இரண்டாந் தடத்தில் வைக்க. பின்னர் அதற்கு ‘ரைமர்’ என்னும் பில்ரரைச் சேர்த்து, திசையைக் கீழ்நோக்கியதாகவும் நேர அளவை வேண்டியவாறும் அமைக்க. எண்ணின் நிறம், பருமன், இடம் என்பனவும் அங்கேயே உள. திரையின் வலது மேல் மூலையே எமது அநுபவத்தில் ஏற்றது. எனினும் விளிம்பை ஒட்டி வைத்தலாகாது. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள படத்தில், ஓரங்களில் 5 வீதம், அஃதாவது பக்கத்தில் 96 புள்ளியும் மேலே 54 புள்ளியும் விடுதல் நன்று.

எண்ணுக்குரிய எழுத்துருவைத் தெரிவதில் ஒரு நுட்பமுண்டு. சில எழுத்துருக்களில் 1 ஒடுங்கியும் 8 அகன்றும் இருக்கும். அத்தகைய எழுத்துருவில் எண் மாறுந்தோறும் முழுக் கடிகாரமும் இடமும் வலமுமாய் நடுங்கும். பிள்ளையின் கண் வினாவை விட்டு அந்நடுக்கத்தையே நாடும். எல்லா எண்ணும் ஒரே அகலமாயுள்ள எழுத்துருவைக் கொள்க. எண்ணைச் சூழ மெல்லிய கரையொன்று இட்டால், வெள்ளை நிலத்திலும் கரிய நிலத்திலும் அது தெரியும்.

செய்த கடிகாரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யாது, ஒருமுறை செய்து சேமித்து வைத்தல் விரும்பத்தக்கது. இங்கேதான் பலர் இடறுவர். சாதாரணமாக நாம் வெளியெடுக்கும் எம்பி4 கோப்பு, அல்பா அளவைத் தாங்கிச் செல்வதன்று. அதிலே கண்ணாடி கரும்பலகையாகிவிடும். குவிக்ரைம் அனிமேஷன், புறோறெஸ் 4444, வீபி9 போன்ற அல்பா தாங்கும் வகையொன்றிலே வெளியெடுத்தல் வேண்டும். அன்றேல் ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனிப் பிஎன்ஜி படமாக வெளியெடுத்தல் வேண்டும். கடல்கடந்து வாழும் எமது பழைய மாணவர் ஒருவர் அழகியதொரு கடிகாரத்தைச் செய்து, கைத்தொலைபேசிச் செய்தி வழியாக அனுப்பினார். வந்துசேர்ந்தது கரிய பெட்டி. வழியிலே கோப்புச் சுருக்கப்பட்டு அல்பா உதிர்ந்துவிட்டது. கோப்பை மாற்றமின்றி அனுப்பும் முறையால் அனுப்புமாறு கேட்டுப் பெற்றபின்னரே அது கண்ணாடியாயிற்று.

அங்ஙனம் பெற்ற கடிகாரத்திலும் எண்ணைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் ஒரு சாம்பல் வளையம் தோன்றக் கண்டோம். காரணம் இது. எண்ணின் ஓரப்புள்ளிகள் பாதி மறைப்பன. சில மென்பொருள்கள் நிறத்தை அல்பாவால் முன்னரே பெருக்கிச் சேமிக்கும். சில பெருக்காது சேமிக்கும். முன்னரே பெருக்கியதைப் பெருக்காததென்று கருதி மீண்டும் பெருக்கினால், வெள்ளைத் தாளின் மேல் 255 ஆக இருக்கவேண்டிய ஓரப்புள்ளி 191 ஆகிவிடும். தொகுக்கும் மென்பொருளில் இவ்விரண்டுள் எதுவெனக் குறிக்கும் இடமிருந்தால் மாற்றிப் பார்க்க. இல்லையேல் கடிகாரத்தை அம்மென்பொருளிலேயே புதிதாகச் செய்தல் எளிது.

இனி யாம் மாணவனிடத்திற் கற்ற பாடத்தைக் கூறுவாம். பல்தேர்வு வினாக்கள் 40க்கு ஒரு மணித்தியாலம் என்னும் அளவிலே பயிற்சித் தொகுதியொன்றை ஆக்கினோம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம், அஃதாவது 90 செக்கன். எமது நாட்டுத் தொலைக்காட்சி முறை செக்கனுக்கு 25 சட்டகம் கொண்டது. ஆதலின் கடிகாரத்தையும் அக்கணக்கிலேயே ஆக்கி, 2250 பிஎன்ஜி படங்களாகச் சேமித்து வைத்தோம். பின்னர் வினாக்களைக் கைத்தொலைபேசியாற் படம்பிடித்துச் செயற்றிட்டத்தில் முதலாவதாகச் சேர்த்தோம். வீடியோ மோட் ‘ஓட்டோமற்றிக்’ ஆக இருந்தது. அது முதலிற் சேர்ந்த கோப்பின் இயல்பையே தன் இயல்பாகக் கொள்ளும். கைத்தொலைபேசி படம்பிடித்தது செக்கனுக்கு 30 சட்டகம். தனிப்படங்களாயுள்ள தொகுதிக்கோ, செக்கனுக்கு எத்தனை என்னும் நினைவு இல்லை. ஒரு சட்டகத்துக்கு ஒரு படமாக ஓடிற்று. 2250ஐ 30ஆல் வகுத்துப் பார்க்க.

யாம் வகுத்துப் பார்க்கவில்லை. திரையில் 90 எனத் தொடங்கி 0 என முடிந்தது. எண் ஒன்றும் தவறவில்லை. ஆகவே சரியென்று இருந்துவிட்டோம். மூன்று கிழமைகள் பிள்ளைகள் அதனை வைத்துப் பயின்றனர். பலர் நேரம் போதாதென முறையிட்டபொழுது, “பரீட்சையிலும் இப்படித்தான், வேகம் வேண்டும்” என்று புத்தி கூறினோம். ஒருநாட் பின்வரிசையிலிருக்கும் மாணவனொருவன் பாடம் முடிந்தபின் வந்து நின்றான். அதிகம் பேசாத பிள்ளை. “சேர், உங்கட ஒண்டரை நிமிசம் என்ர மணிக்கூட்டில ஒண்டேகால் நிமிசந்தான் வருது” என்றான். கடிகாரத்தைப் பிழையென்னாது தன் மணிக்கூட்டைச் சொன்ன அவன் பணிவு எம்மை மேலும் வருத்தியது. அன்றிரவு இருந்து கணக்கிட்டோம். ஒரு வினாவுக்கு 15 செக்கன். 40 வினாக்களுக்கு 600 செக்கன். ஒவ்வொரு பயிற்சியிலும் பிள்ளைகளின் பொழுதிற் பத்து நிமிடத்தைத் திருடிவிட்டு, அவர்களை மெத்தனக்காரர் என்று ஏசியிருக்கின்றோம். மறுநாள் வகுப்பிலே அதனைச் சொன்னோம். கரும்பலகையிலே 2250, 25, 30 என்னும் மூன்று எண்களையும் எழுதிக் காட்டியபின்னரே பாடத்தைத் தொடங்கினோம்.

ஆகவே, செயற்றிட்டத்தின் சட்டகக் கணக்கை வேறெதனையும் சேர்க்குமுன் தாமே நிறுவிக்கொள்ளல் வேண்டும். பில்ரராக அமைந்த ரைமர் காலத்தைக் கணித்தே எண்ணைக் காட்டுவதாதலின் இவ்விடர் அதற்குப் பெரும்பாலும் இல்லை, இடர் படத்தொகுதிக்கே. கைத்தொலைபேசிக் கோப்புகள் சில, சட்டக வேகம் ஒரு சீராக இல்லாதன; அவற்றைத் தொகுப்புக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்ளட்டுமா என ஷொட்கட் கேட்கும்; ஆம் என்க. 29.97 என்னும் அமெரிக்கக் கணக்கை இங்கு எடுத்தல் வேண்டா. அதிலே சட்டகங்களை 30 வீதம் எண்ணிச் செல்லுங் கடிகாரம் மணித்தியாலத்துக்கு 3.6 செக்கன் பின்னிடும். மூன்று மணித்தியால வினாத்தாளுக்கு ஏறக்குறைய 11 செக்கன்.

இன்னுமொரு கணக்குண்டு. அது கதியால் கணக்கு. வேலிக்குப் பதினொரு கதியால் நாட்டினால் இடைவெளி பத்தே. 10இலிருந்து 0 வரை எண்கள் பதினொன்று, செக்கன்களோ பத்து. எனவே ஓர் எண்ணுக்கு நிற்க இடமில்லை. கடிகாரம் முழுச்செக்கனை மட்டும் எண்ணுமாயின், 10 கணப்பொழுதே தோன்றி 9 ஆகிவிடும். இறுதிச் செக்கன் முழுவதும் 0 நிற்கும். 0ஐக் கண்டவுடன் பேனாவை வைத்த நல்ல பிள்ளை ஒரு செக்கனை இழக்கும். தொடங்கிய செக்கனை எண்ணுமாயின், 10 முழுச் செக்கனும் நிற்கும். 1 நீங்கும்பொழுதே நேரம் முடியும். ஷொட்கட்டில் ‘கவுண்ட்’ என்னும் தனி ஆக்கியொன்றிலே ‘செக்கன்’, ‘செக்கன் கூட்டல் ஒன்று’ என இரு முறைகளையும் வைத்திருப்பது இதுபற்றியே. யாம் கைக்கொண்ட வழி எளியது. கண்ணாடித் துண்டை மிகச் சரியாக 90 செக்கனில் வெட்டி, அவ்வெல்லையில் எண் மறைந்துபோகச் செய்தோம். “எண் தெரியுமட்டும் எழுதலாம்” என்பதே பிள்ளைகளுக்குச் சொன்ன விதி. 0 எத்தனை பொழுது நின்றால் என்ன?

கடைசிப் பத்துச் செக்கனில் எண்ணைச் சிவப்பாக்குதல், துடிக்கச் செய்தல், ‘டிக் டிக்’ என ஒலியெழுப்புதல் என்பன பற்றிக் கேட்பார் பலர். வினாவிடைப் போட்டி மேடைக்கு அவை பொருந்தலாம். பயிலும் பிள்ளைக்கு அவை வேண்டா என்பதே எம் கருத்து. கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் எண்ணையே பார்த்துக்கொண்டு, வாசித்த வரியையே மீண்டும் வாசிப்பதைக் கண்டிருக்கின்றோம். அவர்களுக்காக வேறொன்று செய்தோம். ‘ஒபாசிற்றி’ என்னும் பில்ரரைச் சேர்த்து, கடிகாரம் தொடக்கத்திற் பத்துச் செக்கன் தோன்றி மெல்ல மறையவும், பாதி நேரத்திற் சிறிது தோன்றி மீண்டும் மறையவும், இறுதிப் பதினைந்து செக்கனில் தோன்றி நிற்கவும் அமைத்தோம். துண்டை வெட்டி எடுத்துவிட்டால் மறுபடி தோன்றும்பொழுது எண் பிழைக்கக்கூடும். அல்பாவைக் குறைத்து மறைத்தாற் கடிகாரம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். தோன்றும்பொழுது சரியான எண்ணோடு தோன்றும்.

முடிந்த காணொளியை வெளியெடுத்தபின், அதனைக் கணினியிற் பார்த்தது போதாது. பிள்ளைகள் கையில் வைத்திருப்பது போன்ற சிறிய தொலைபேசியில் ஓட்டி, வினாவிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் வாசித்துப் பார்க்க. பின் கைம்மணிக்கூடொன்றை அருகில் வைத்து, முதலாம் வினாவையும் இருபதாம் வினாவையும் நாற்பதாம் வினாவையும் அளந்து பார்க்க. எமது திருத்திய தொகுதியை அளக்கும் பொறுப்பை அப்பின்வரிசை மாணவனிடமே ஒப்படைத்தோம். அவன் நாற்பதையும் அளந்து, ஒரு கொப்பித் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தான். முப்பத்தொன்பது இடத்தில் 90. பதினேழாம் வினாவுக்கு நேரே மட்டும் 89 என்றிருந்தது. தன் கை பிந்தியிருக்கலாம் என்றான். திறந்து பார்த்தோம். துண்டை வெட்டுகையில் 25 சட்டகம் குறைவாக வெட்டியிருந்தது எமது கையே.